ஏழுமே தலைச்சன்

எழுத்து வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் நான் கதை எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். புத்தகம் எப்போது வரும் என்று கேட்கிறார்கள். நான் எழுதுவது 'வயரைச் செருகவும், பச்சை விளக்கு எரிகிறதா பார்க்கவும்' என்கிற ரகம். அதைப் புத்தகமாகப் போட்டால் என் அம்மாகூட வாங்க மாட்டாள். ஆனால் நான் ஒரு வரியைத் தப்பாக எழுதினால் ஒரு சாவு வீடே திகைத்து நின்றுவிடும். எந்தக் கதாசிரியருக்கு அந்த மரியாதை கிடைக்கிறது?

எங்கள் குமாசி நகரத்துப் பக்கத்தில் செத்தது எந்தக் கிழமையாக இருந்தாலும் எடுப்பது சனிக்கிழமைதான். பாதிச் சொந்தம் வெளிநாட்டில் இருக்கும். அவர்களுக்குச் சாவைப் படம்பிடித்து நேரலையில் காட்டுவது எங்கள் கம்பெனியின் தொழில். பையன்கள் கேமராவும் கருவியும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்று படிப்படியாக எழுதி வலைத்தளத்தில் போட்டு வைப்பது நான். என் பெயர் டுஃபி. சனிக்கிழமைகளில் பாந்தாமாவில் இருக்கும் அலுவலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன், யாராவது மாட்டிக்கொண்டால் போனில் கரையேற்றுவதற்கு.

அந்தப் படிகளை மார்க்டவுன் என்ற முறையில் எழுதுவோம். எழுதுவது வெறும் எழுத்தும் புள்ளியும்தான். அதைக் கணினிக்குள் இருக்கும் ஓர் இயந்திரம் படித்து அழகான பக்கமாக மாற்றிக் கொடுக்கும். வரிசை எண் வேண்டுமென்றால் ஒவ்வொரு படிக்கு முன்னாலும் 1 என்றே போட்டுவிடுவோம். ஒன்று, ஒன்று, ஒன்று என்று நாங்கள் எழுதினால் ஒன்று, இரண்டு, மூன்று என்று இயந்திரம் எண்ணிப் போட்டுக்கொள்ளும். பின்னால் நடுவில் ஒரு படியைச் செருகினால் எல்லா எண்ணையும் திருத்த வேண்டுமே என்ற சோம்பேறித்தனம்தான் காரணம். எங்கள் தொழிலில் அதற்கு நல்ல பழக்கம் என்று பெயர்.

கணினியில் அப்படியே அடிக்க வேண்டிய கட்டளை வந்தால், அதைத் தனியாக ஒரு சாம்பல் நிறக் கட்டத்துக்குள் போடுவோம். அந்தக் கட்டம் எந்தப் படிக்குச் சொந்தமோ அந்தப் படிக்குக் கீழே, சில இடைவெளிகள் விட்டு உள்ளே தள்ளி இருக்க வேண்டும். தள்ளி வைக்காவிட்டால் பட்டியல் அதோடு முடிந்தது என்று இயந்திரம் முடிவு கட்டிவிடும். கட்டத்துக்கு அடுத்து வரும் படி புதுப் பட்டியலாகிவிடும். புதுப் பட்டியல் என்றால் மறுபடியும் ஒன்று.

நான் மூன்று இடைவெளி விடுகிறவள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் மூன்றுதான், இயந்திரமும் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. போன வியாழக்கிழமை எங்கள் அலுவலகத்து நிரலாளன் அக்ராசி பழைய இயந்திரத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தான். "எதுவும் மாறாது டுஃபி, பக்கம் சீக்கிரம் தொறக்கும், அவ்வளவுதான்" என்றான். புதியதற்கு நான்கு இடைவெளி வேண்டுமாம். அது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சனிக்கிழமை காலையில் பெக்வாயில் ஒரு சாவு வீட்டில்தான் எங்கள் இருவருக்கும் தெரிய வந்தது.

நான் கஞ்சியும் கோசே வடையும் வாங்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது போன் அடித்தது. பெக்வாய்க்குப் போயிருந்த தாவியா. வேலையில் கெட்டிக்காரன், படிப்பதில்தான் அவசரக்காரன். பின்னால் பித்தளை வாத்தியக் கோஷ்டி வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒண்ணை முடிச்சிட்டேன்."

"சரி, ரெண்டைப் பண்ணு."

"ரெண்டு இல்லையே."

"ரெண்டு இல்லாம எங்கடா போச்சு?"

"ஒண்ணுதான்க்கா இருக்கு. ஒண்ணு, அப்புறம் ஒண்ணு, அதுக்குக் கீழ இன்னொரு ஒண்ணு. மொத்தம் ஏழு ஒண்ணு இருக்கு. நான் ஒண்ணை முடிச்சிட்டேன். ஆனா மக பேசறது இங்க வரலை, ஸ்கிரீன்லயும் ஒண்ணும் தெரியலை."

"நீ முடிச்சது எந்த ஒண்ணு?"



"எல்லாத்துலயும் ஒண்ணுன்னு போட்டிருந்துச்சா... ஏதாவது ஒண்ணு செஞ்சா போதும்னு நெனச்சேன். கடைசியா இருந்தது சின்னதா இருந்துச்சு. ஒரே வரி. அதைச் செஞ்சேன்."

நான் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அவன் சொன்னது நிஜம்தான். ஏழு படி, ஏழும் ஒன்று. கட்டங்கள் எல்லாம் படிகளை விட்டு வெளியே வந்து இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. கடைசிப் படியில் நானே என் கையால் எழுதியிருந்தேன்: 'நான்காவது படியில் சொல்லப்பட்டால் மட்டும், கருவியின் எல்லா அமைப்புகளையும் அழிக்கவும்.' நான்காவது படி என்று ஒன்று இப்போது உலகத்திலேயே இல்லை. பையன் அழித்துவிட்டான். கஞ்சியை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று சொல்லிவிடுகிறேன். இறந்தவர் அச்சியா அம்மா. அவருடைய மூத்த மகள் கொனாடு ஹாம்பர்க்கில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அவளுடைய குடியுரிமைக் காகிதம் இன்னும் கைக்கு வரவில்லை; இப்போது ஊருக்கு வந்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள், அங்கே பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன. அதனால் வரவில்லை. அவள் அனுப்பிய துணி வந்து சேர்ந்து, அம்மாவின் மார்பில் போர்த்தியாகிவிட்டது. சவப்பெட்டியை மூடி வைப்பதற்கு முன் மூத்த மகள் அம்மாவோடு கடைசியாகப் பேச வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் பெரிய திரையும் ஒலிபெருக்கியும் வைத்து, அவள் முகமும் குரலும் அங்கே வருமாறு செய்வதுதான் எங்கள் வேலை. இங்கிருந்து அங்கே போகும் படம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து இங்கே வருவதைத்தான் தாவியா சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தான்.

மூடி வைப்பது பத்து மணிக்கு. அதைத் தீர்மானித்தது கொனாடுவின் தாய்மாமன், குடும்பத் தலைவர் அம்போன்செம். ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். பெக்வாய் வழியாக ரயில் நின்றுபோய் வருஷக்கணக்காகிறது. அவர் மட்டும் இன்னும் நேரத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறார். அலுவலகத் திரையில் அவரைப் பார்த்தேன். கறுப்பு வேட்டியைத் தோளில் போட்டு, நெற்றியில் சிவப்புப் பட்டை கட்டி, கையில் கடிகாரத்தோடு பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்தார்.

தாவியாவிடம் போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"பெரியவரே, கருவி கொஞ்சம் மக்கர் பண்ணுது. போனை மைக்குக்கிட்ட வெச்சா பொண்ணு பேசிடும். பேச வெச்சிடலாமா?"

"ஏம்மா, என் தங்கச்சி இத்தனை வருஷமா மக குரலை எதுல கேட்டா?"

"போன்லதான்..."

"போன்லதான். காதுல ஒட்ட வெச்சுக்கிட்டு, கேக்கலை கேக்கலைன்னு கத்திக்கிட்டு. இன்னிக்கும் அதேதானா? மக மூஞ்சி இங்க வரணும், பேச்சு அந்த ஸ்பீக்கர்ல வரணும். அதுக்குத்தான உங்களைக் கூப்பிட்டேன்? இல்லேன்னா என் அக்கா பையனே போனைப் பிடிச்சிருப்பான். நேத்து பிடிச்சுப் பார்த்தான், அது கீச்சுன்னு கத்தி ரெண்டு கிழவி மயங்கி விழுந்ததுதான் மிச்சம்."

"கொஞ்சம் நேரம் தாங்க பெரியவரே."

"பத்து மணி வரைக்கும் உன் நேரம்தான். பத்துக்கு மேல பாதிரியாரோட நேரம். அவருக்கு அடுத்த ஊர்ல இன்னொரு சாவு."

கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதே கால் தாண்டியிருந்தது. திருத்த வேண்டியது ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் ஒரே ஓர் இடைவெளி. அதை நான் மூச்சு விடுவதற்குள் திருத்திவிட்டேன். ஆனால் எங்கள் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு: ஒருவர் செய்த திருத்தத்தை இன்னொருவர் பார்த்து 'சரி' என்று சொன்னால்தான் அது வலைத்தளத்தில் ஏறும். சட்டத்தைக் கொண்டுவந்தது நான்தான், அக்ராசியின் எழுத்துப் பிழைகளைப் பொறுக்க முடியாமல். சரி சொல்ல வேண்டியவன் அக்ராசி.

போன் செய்தேன். எடுத்த அக்ராசி கிசுகிசுத்தான். "டுஃபி, நான் பொண்ணு வீட்டுல இருக்கேன். அண்ணனுக்குப் பரிசம் போட்டுக்கிட்டிருக்கோம். ரெண்டு கையிலயும் சீருக்குக் கொண்டுவந்த ஜின் பாட்டில்."

"ஒண்ணைக் கீழ வை. நீ வெச்ச புது மெஷினுக்கு நாலு இடைவெளி வேணுமாம். நான் மூணு விட்டிருக்கேன். எல்லா நம்பரும் ஒண்ணாயிடுச்சு."

"அப்ப தப்பு உன்னோடதுதான."

"புதன்கிழமை வரைக்கும் சரியா இருந்துச்சேடா!"

"புதன்கிழமை வரைக்கும் மெஷின் பெருந்தன்மையா இருந்துச்சு."

"அக்ராசி, அங்க பொணம் கிடக்கு. பாரு, சரின்னு ஒரு அமுக்கு அமுக்கு. அப்புறம் எவ்வளவு வேணா பெருந்தன்மையைப் பத்திப் பேசலாம்."

"அனுப்பு, பாக்கறேன்."

அனுப்பினேன். பார்த்தான். 'சரி' வரவில்லை, குறிப்பு வந்தது: 'நாற்பதாவது வரியின் கடைசியில் தேவையில்லாத ஓர் இடைவெளி இருக்கிறது.' எடுத்தேன், மறுபடி அனுப்பினேன். அடுத்த குறிப்பு: 'மூன்றாவது கட்டம் எந்த மொழியில் இருக்கிறது என்று குறிப்பிடவில்லை. எழுத்துக்கு நிறம் வராது.' பெக்வாயில் யாருக்கு நிறம் வேண்டும்? அங்கே எல்லோரும் கறுப்புக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் போட்டேன். மூன்றாவது குறிப்பு வந்தது: 'இந்தத் திருத்தத்துக்கு இன்னும் தெளிவான தலைப்பு வைக்கலாமே?'

நியாயமாகச் சொன்னால் அவன் எழுதியதை நானும் இப்படித்தான் குடைவேன். கண் அப்படிப் பழகிவிட்டது, பிழை தெரிந்தால் கை சும்மா இருக்காது. ஆனால் பக்கத்தில் ஒரு சவப்பெட்டி திறந்து கிடந்தால் நான் குடைய மாட்டேன். போன் செய்தேன், எடுக்கவில்லை. இரண்டு கையிலும் பாட்டில் வந்துவிட்டிருக்கும். அவனை விட்டுவிட்டேன்.

கட்டளைகளைப் போனிலேயே சொல்லிப் பார்த்தேன்.

"தாவியா, நான் சொல்லச் சொல்ல அடி. முதல்ல ஒரு சாய்கோடு."

"எந்தப் பக்கம் சாயணும்?"

"வலது பக்கம்."

"உங்களுக்கு வலதா, எனக்கு வலதா?"

"ரெண்டு பேருக்கும் வலது ஒண்ணுதான்டா!"

"நான் ஸ்கிரீனுக்கு இந்தப் பக்கம் இருக்கேனேக்கா."

வாத்தியக் கோஷ்டி உச்சத்துக்குப் போனது. அடுத்து நான் சொன்ன எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. கட்டளைகளை அரட்டைச் செயலியில் அனுப்பினேன். அது இரண்டு சின்னக் கோடுகளை ஒரே நீளக்கோடாகத் தைத்து, நட்சத்திரக் குறிகளைத் தின்றுவிட்டு, பாதி எழுத்தைத் தடிமனாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தது. ஆகவே கட்டளையை அவன் எங்கள் பக்கத்திலிருந்துதான் எடுத்து ஒட்ட வேண்டும். மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகச் செய் என்று சொல்லிவிடவும் முடியாது. சிவப்பு விளக்கு எரிந்தால் மூன்றுக்குத் திரும்பு, பச்சை எரிந்தால் ஐந்தைத் தாண்டி ஆறுக்குப் போ என்று நான் படிகளுக்குள்ளேயே எண்களைப் போட்டு முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். கடைசியில் அந்த அழிக்கும் படி வேறு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. இதற்கு நடுவில் அக்ராசியின் புதுப் பக்கம், கட்டளையை ஒட்டிவிட்டுத் திரும்பி வந்தால் ஒவ்வொரு தடவையும் உச்சிக்குப் போய் நின்றுகொண்டது.

"அக்கா, எந்த ஒண்ணுல இருக்கேன்னே தெரியலை."

இன்னொரு போனில் கொனாடு. அவளுக்கு எங்கள் படம் தெரிகிறது, மாமா கடிகாரத்தைப் பார்ப்பதும் தெரிகிறது.

"டுஃபிம்மா, மாமா மூடிடுவாரு. எனக்கு அவரைத் தெரியும். பாட்டியைப் புதைக்கறப்ப மழை கொட்டுச்சு, அதுக்கே அவர் நிக்கலை."

"மூட விட மாட்டேன். நீ கேமரா முன்னாடியே உக்காரு, நகராத."

எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. திரையில் அந்தப் பக்கத்தையே வெறித்தேன். ஒன்று, ஒன்று, ஒன்று. ஒரே வீட்டில் ஏழு பிள்ளை, ஏழுமே தலைச்சன் என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும்? யார் அப்படி வைப்பார்கள்? எங்கள் ஊரில் யாரும் வைக்க மாட்டார்கள். தலைச்சனுக்குப் பியெசி, அடுத்ததற்கு மானு என்று வரிசையாகப் பெயர் வைத்திருக்கிற ஜனம் நாங்கள்.

"தாவியா! உனக்கு ஏன் தாவியான்னு பேரு வெச்சாங்க?"

"என்னக்கா இந்த நேரத்துல? இரட்டைக்கு அப்புறம் பொறந்தேன், அதான்."

"பேரைக் கேட்டதுமே நீ யாருக்கு அப்புறம்னு தெரியுதில்ல? இப்ப அந்தப் பக்கத்துல இருக்கற ஒண்ணுக்கெல்லாம் பேரு வைக்கப் போறோம். மேல இருக்கறது பியெசி."

அவனுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "அடுத்தது மானு. மூணாவது மென்சா. அனானே, நும், என்சியா. அக்கா, கடைசிப் பிள்ளை?"

"அதுக்குப் பேரே கிடையாது. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காத. அது வீட்டை விட்டுத் துரத்தின பிள்ளை."

"ஏற்கனவே ஒரு தடவை கொஞ்சிட்டேனே."

"அதைத்தான் அனுபவிக்கறோம். பியெசியைப் பிடி."

பெயர் என்றால் வாத்தியத்தையும் மீறிக் கேட்கும். மனிதர்களைக் கூட்டத்தில் கூப்பிட்டுப் பழகிய தொண்டை இரண்டு பேருக்கும். 'பியெசி முடிஞ்சான்' என்று அவன் கத்துவான், 'மானுவைக் கூப்பிடு' என்று நான் கத்துவேன். பக்கம் உச்சிக்குப் போனால் விரலால் தலையைத் தொட்டு எண்ணுகிறவன் மாதிரி பியெசி, மானு, மென்சா என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்துவிடுவான். மானு முடிந்தது. மென்சாவில் கொனாடுவின் படமும் குரலும் வரும் இணைப்பு வழியைக் கருவிக்குள் புதிதாக எழுத வேண்டும், அதுவும் முடிந்தது. அனானே சோதனை.

"அக்கா, செவப்பு!"

"அப்ப மறுபடி மென்சா!"

"மென்சா சொதப்பிட்டான்! மறுபடி மென்சா!" என்று அவன் அங்கே யாருக்கோ விளக்கம் சொல்வது போலக் கத்த, பந்தலுக்கு அடியிலிருந்து ஒரு கிழவர் எழுந்து நின்றதைத் திரையில் பார்த்தேன்.

"யார்றா அவன்? நான் என்ன சொதப்பினேன்? நாற்காலி கொண்டாறச் சொன்னாங்க, கொண்டாந்துட்டேன்!"

"உங்களை இல்ல தாத்தா, உக்காருங்க!"

"சாவு வீட்டுல பேர் சொல்லித் திட்றான், உக்காரவாம்ல!"

பக்கத்திலிருந்த பெண்கள் அவரைப் பிடித்து உட்காரவைத்தார்கள். இரண்டு பேர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். அழுகையா சிரிப்பா என்று படத்தில் தெரியவில்லை. பாதிரியார் கையில் பைபிளை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாத்தியக் கோஷ்டி நிறுத்தியது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

"அனானே மறுபடி பாத்தேன்க்கா. பச்சை! பச்சை! இப்ப நும்மா?"

"நும் வேண்டாம்! பச்சைன்னா நும்மைத் தாண்டிப் போ. என்சியா!"

"பக்கம் மேல போயிடுச்சு. இருங்க... பியெசி, மானு..."

அம்போன்செம் கடிகாரத்தைப் பார்த்தார். கையை உயர்த்தினார். இரண்டு ஆண்கள் சுவரோரம் சாத்தி வைத்திருந்த மூடியைத் தூக்கினார்கள். ஒருவர் தலைப் பக்கம், ஒருவர் கால் பக்கம். எனக்கு அந்த இயந்திரம், அந்த மூன்று இடைவெளி, அக்ராசி, அவன் அண்ணன், அந்தப் பெண் வீடு எல்லாவற்றின் மேலும் ஆத்திரம் வந்தது. ஓர் இடைவெளிக்காக ஒருத்தி தன் அம்மாவிடம் பேசாமல் போகப் போகிறாள். எழுத்து வேலைக்கு வந்ததற்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக வெட்கப்பட்டேன்.

"...மென்சா, அனானே, நும். புடிச்சிட்டேன்க்கா, என்சியா! ஒட்டிட்டேன்!"

"அமுக்குடா!"

பெரிய திரை ஒரு தடவை வெளுத்தது. பிறகு ஒரு முகம் வந்தது. கறுப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண். பின்னால் ஜன்னலில் குளிர்காலத்து வெளிச்சம். இத்தனை நேரம் குரலாக மட்டும் எனக்குத் தெரிந்த கொனாடுவை அப்போதுதான் பார்த்தேன். அம்மாவின் சாயல்தான், பெட்டிக்கு மேல் மாட்டியிருந்த படத்தில் இருந்த அதே மூக்கு.

மூடியைப் பிடித்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பாதிரியார் வாயைத் திறந்தார், திறந்தபடியே விட்டார்.

கொனாடுவிடம் ஒரு தாள் இருந்தது. பேச வேண்டியதை எழுதி வைத்திருந்தாள், எனக்கு முன்னமே அனுப்பியும் இருந்தாள். குடும்பத்தின் பெயர், பெரியவர்களுக்கு வணக்கம், எல்லாம் முறைப்படி. அவள் அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. கேமராவுக்குக் கிட்டே குனிந்தாள்.

"அம்மா," என்றாள். ஒலிபெருக்கி அதிர்ந்தது. "அம்மா, நான் பேசறது கேக்குதா?"

பழக்கம்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனை எடுத்ததும் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருந்திருக்கும். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். காத்திருக்கும்போதுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவளுக்கே உறைத்தது. அது அவள் முகத்தில் தெரிந்தது. உதடு கோணியது. தாவியா போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றான். என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. இதற்கு எந்தப் படியும் நான் எழுதி வைக்கவில்லை.

அம்போன்செம் நடந்து வந்தார். பாதிரியாருக்காக வைத்திருந்த மைக்கைக் கையில் எடுத்தார்.

"கேக்குதும்மா," என்றார். "நல்லாக் கேக்குது. நீ பேசு."

சொல்லிவிட்டு, மூடியைப் பிடித்திருந்தவர்களைப் பார்த்து, "அதைக் கீழ வைங்கடா, கை வலிக்கப் போகுது" என்றார்.

அவள் பேசினாள். முறைப்படி ஒன்றும் பேசவில்லை. முட்டி வலிக்குத் தைலம் அனுப்பினேனே, அதைத் திறக்காமலே அலமாரியில் வைத்திருந்தாயாமே, சித்தி சொன்னாள், ஏன் இப்படிச் செய்தாய் என்று திட்டினாள். சின்னவன் இப்போது உன்னை மாதிரியே காலை நீட்டி உட்கார்ந்துதான் சாப்பிடுகிறான் என்றாள். காகிதம் இந்த வருஷம் வந்துவிடும் என்று எல்லா வருஷமும் சொன்னேன், பொய் சொல்லவில்லை அம்மா, நிஜமாகவே வந்துவிடும் என்றுதான் நினைத்தேன் என்றாள். அங்கே பந்தல் முழுக்க அழுதது. திட்டு வாங்கிய கிழவர் மென்சா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நானும் அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து, ஆறிப்போன கஞ்சிக்கு முன்னால் அழுதேன். அப்போது கணினி ஓரத்தில் ஒரு செய்தி எட்டிப் பார்த்தது. அக்ராசி. 'சரி. இப்போது நன்றாக இருக்கிறது.' பக்கத்தில் ஒரு கட்டைவிரல் வேறு. அதைத் தள்ளிவிட்டேன்.

பத்து மணி தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. பாதிரியார் ஒரு தடவை இருமினார். அம்போன்செம் அவர் பக்கம் திரும்பவே இல்லை. யாரும் அவளை முடி என்று சொல்லவில்லை.

கடைசியில் அவளே நிறுத்தினாள். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பெட்டிக்குள் போர்த்தியிருந்த துணியைத் திரையில் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மாமா, அந்தத் துணியைக் கழுத்து வரைக்கும் ஏத்தி விடுங்க. அவளுக்குக் குளிரு ஆகாது."

அவர் குனிந்து ஏற்றிவிட்டார்.

"போதுமா?"

"போதும் மாமா," என்றாள் கொனாடு. "இப்ப மூடுங்க."